கும்பிட்டும் இப்படி நடந்தால்? பொலிஸ் குடும்பத்துத் தங்கச்சி ஒருவரின் கேள்வி

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் இதைத்தான் முதலில் எடுக்கிறேன். நீளமான கடிதம், கொஞ்சம் சுருக்கி வாசிக்கிறேன். பெயரும் ஊரும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவ்வளவு போதும்.

"ஐயா, என்ர அவர் பொலிஸ் கான்ஸ்டபிள். வேலை வெளி மாவட்டத்தில. இரவுக் கடமை எண்டால் எனக்கு நித்திரை இல்லை. வைரவருக்கு வடைமாலை சாத்து, ஒண்டும் நடக்காது எண்டு மாமி சொல்லுவா. நானும் செய்யிறனான். ஆனால் அவரோட வேலை செய்த அண்ணா ஒராள் கடமையில இருக்கேக்க செத்துப்போனார். அவற்ற மனுசியும் விரதம் விடாமல் பிடிக்கிற ஆள். அப்ப கும்பிட்டு என்ன பிரயோசனம்? செத்தவீட்டுக்கு அயலுக்குள்ள இருந்தும் பெரிசா சனம் வரேல்லை. அந்த அக்காவிட்டப் போய் நான் என்னத்தைக் கதைக்கிறது?"

தங்கச்சி, வடைமாலையை நிற்பாட்டச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி ஒரு சூலத்தை நட்டு வைரவர் என்று கும்பிடுகிறோம். காவல் தெய்வம். காவலுக்குப் போகிற மனுசனுக்காக அவரிடம் போய் நிற்பதில் என்ன பிழை? கத்தோலிக்க வீடுகளில் அதிதூதர் மிக்கேலைப் பொலிஸாரின் பாதுகாவலர் என்று மன்றாடுகிறார்கள். பயம் வந்தால் மனுசர் போகிற இடம் அதுதான்.

என் மறுப்பெல்லாம் மாமி சேர்த்துச் சொன்ன அந்த இரண்டு சொல்லுக்குத்தான். 'ஒன்றும் நடக்காது.' மாமி அன்பில் சொல்லியிருப்பா, அவவுக்கும் அவர் மகன். ஆனால் இது கோயிலைக் காப்புறுதிக் கொம்பனி ஆக்குகிற பேச்சு. மாதாமாதம் கட்டு, விபத்து வராது என்கிற மாதிரி. இன்றைக்கு ஆறுதலாகக் கேட்கிற இந்தச் சொல்தான், நாளைக்கு ஒன்று நடந்துவிட்டால் குற்றச்சாட்டாக மாறும். "என்ன நேர்த்தி விட்டுப்போச்சோ", "அவள் பிடிச்ச விரதத்தில என்ன குறையோ" என்று செத்தவீட்டுப் பந்தலுக்குக் கீழே இருந்தே கதைக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இன்னும் சிலர் முற்பிறப்பு வினைக் கணக்கை எடுத்துக்கொண்டு வருவார்கள். வினை என்பது சைவ சித்தாந்தத்தில் ஆழமான விஷயம். ஒரு மனுசன் தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்க்க வைத்திருக்கிற தத்துவம் அது. அடுத்த வீட்டுப் பெண் அழுதுகொண்டிருக்கும்போது அவளுக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு அதை எடுத்தால், அது சமயம் இல்லை, வன்மம்.

சரி, அப்ப கும்பிடுவது எதற்கு? கோளறு பதிகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அநேகமாக நீங்களே படிக்கிறனீங்கள். அது எந்த இடத்தில் பாடப்பட்டது என்று யோசித்துப் பாருங்கோ. திருமறைக்காட்டில் சம்பந்தரும் அப்பரும் ஒன்றாக இருக்கிறார்கள். மதுரையில் இருந்து அழைப்பு வருகிறது. போக வேண்டாம், நாளும் கோளும் சரியில்லை, அங்கே இருக்கிறவர்கள் உமக்குத் தீங்கு செய்வார்கள் என்று அப்பர் தடுக்கிறார். சமணத்தில் இருந்து வந்தவர், சுண்ணாம்புக் காளவாயில் கிடந்தவர், கல்லைக் கட்டிக் கடலில் போடப்பட்டவர். ஆபத்து என்றால் என்ன என்று உடம்பால் தெரிந்தவர். அவருக்கே பயம் வருகிறது. தனக்காக இல்லை, தான் அன்பு வைத்த அந்தப் பிள்ளைக்காக. இரவுக் கடமைக்கு ஆளை அனுப்பிவிட்டு நீங்கள் முழித்திருக்கிறீர்களே, அதே பயம்தான். ஆனபடியால் பயப்படுகிறவளுக்குப் பக்தி குறைவு என்று யாராவது சொன்னால் அப்பரைக் காட்டுங்கோ.

சம்பந்தர் பதிகத்தைப் பாடிவிட்டுப் போகிறார். இதுவரைக்கும் எல்லோரும் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பெரும்பாலும் சேர்த்துச் சொல்வதில்லை. மதுரையில் அவர் தங்கின மடத்துக்கு அன்றிரவே தீ வைத்தார்கள். பதிகம் பாடின பிறகும் ஆபத்து வந்தது! வரும் இடம் என்று தெரிந்தும் போவதற்கான துணிவு அந்தப் பாட்டில் இருந்தது. நெருப்பு வரும்போது தான் தனியே இல்லை என்கிற நினைப்பும் இருந்தது. அவர் தப்பினார், உங்கள் அண்ணா தப்பவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஓம், அந்தக் கேள்வி நியாயம். ஏன் ஒருவர் தப்புகிறார், ஏன் ஒருவர் போகிறார் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. இருக்கிற மாதிரி இந்தக் கமராவுக்கு முன்னால் நடிக்கவும் மாட்டேன். அந்த அக்கா பிடித்த விரதம் வீணாகப் போகவில்லை என்று மட்டும் நினைக்கிறேன். அவ இனி ஒவ்வொரு நாளும் எழும்ப வேண்டும். அதற்கு அவவிடம் இருக்கிற பலத்தில் அதுவும் ஒன்று. கோபத்தில் கொஞ்சக் காலம் கோயிலுக்குப் போகாமல் விட்டாலும் விடட்டும், வற்புறுத்தாதீர்கள். கடவுளோடு கோபித்துக்கொள்ள எங்கள் சமயத்தில் தாராளமாக இடம் இருக்கிறது.

இனி, சனம் வரவில்லை என்ற விஷயம். அதைத் தொடாமல் போனால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். யாழ்ப்பாணத்தில் காக்கிச் சட்டையைக் கண்டால் முகம் இறுகுவதற்குக் காரணம் இருக்கிறது. 1974 தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்துக்குள் பொலிஸார் புகுந்தபோது என்ன நடந்தது, 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், 2016 ஒக்ரோபரில் குளப்பிட்டிச் சந்தியில் பொலிஸார் சுட்ட சம்பவத்தில் பல்கலைக்கழகப் பெடியன்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அந்தத் தாய்மாரின் துக்கத்தை யாரும் சின்னதாக்கக் கூடாது. மறுபக்கமும் இருக்கிறது. நூலகம் எரிந்த அதே நாட்களில்தான் நாச்சிமார் கோயிலடியில் கூட்டத்துக்குக் காவல் நின்ற பொலிஸ்காரர்கள் சுடப்பட்டார்கள். 1990 ஜூனில் கிழக்கில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும்தான் அதில் கூடுதல். அந்த வீடுகளிலும் யாரோ விளக்கேற்றிக் காத்திருந்திருப்பார்கள். தமிழ் இளைஞன் ஒருவன் இந்தச் சட்டையைப் போட்டால் இரண்டு பக்கத்துப் பழங்கணக்கும் அவன் தலையில் ஏறுகிறது. அவன் போன பிறகு அது பெண்சாதியின் தலையில் இறங்குகிறது. நிறுவனத்தோடு உங்களுக்குக் கணக்கு இருந்தால் அதை நிறுவனத்திடம் கேளுங்கோ. செத்தவீட்டு வாசலில் நின்று அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். இதை நான் தங்கச்சிக்குச் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

இப்படி நடந்துகொள்ள முடியுமா என்றால், எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. 2017 ஜூலை 22, நல்லூரில். யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதியாக இருந்த மா. இளஞ்செழியன் ஐயாவின் மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர சுடப்பட்டார், அடுத்த நாள் இறந்தார். சிலாபத்துச் சிங்களவர். பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த நீதிபதியோடு நின்றவர். நீதிபதி அவருடைய மனைவியின் காலில் விழுந்து கதறி அழுதார். முழு நாடும் அதைப் பார்த்தது. அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகப் பார்ப்பேன் என்றும் சொன்னார். அந்த இடத்தில் அவர் தத்துவம் பேசவில்லை, விதி என்று சொல்லவில்லை. உங்கள் மனுசன் போனது என்னால் தாங்க முடியாத இழப்பு என்பதை உடம்பாலேயே சொன்னார். அந்த அக்காவிடம் என்னத்தைக் கதைப்பது என்று கேட்டீர்களே, பெரிதாக ஒன்றும் கதைக்கத் தேவையில்லை.

ஆனால் எப்போது போவது என்பது முக்கியம். எட்டுச் செலவுக்கு ஆட்கள் வருவார்கள், அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வான் பிடித்துக்கூடப் போவார்கள். 31 ஆம் நாள் முடிந்து வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டோடு எல்லாம் கலைந்துவிடும். உண்மையான வெறுமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அப்போது போங்கோ. கிழமையில் ஒரு நாள், சொல்லிவைத்து, அதே நாளில். அந்த அண்ணாவின் பெயரைச் சொல்லிக் கதையுங்கோ. அழுதுவிடுவா என்று பயந்து பெயரை விழுங்குகிறோம். அவவுக்கோ, ஊர் அவரை மறந்துவிட்டது என்று தோன்றுகிறது. அரசாங்கமும் மறக்காமல் ஒரு நாள் வைத்திருக்கிறது, மார்ச் 21. 1864 இல் சரதியேல் என்ற கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்த சபான் என்ற மலாய் கான்ஸ்டபிளின் நினைவில் வந்த நாள் அது. மாலை போடுவார்கள், அணிவகுப்பு நடக்கும். தேவைதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற இரவுக்கு அது உதவாது.

கையால் செய்யக்கூடிய உதவி ஒன்று இருக்கிறது, கடதாசி வேலை. அரச உத்தியோகத்தர்கள் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் இருந்து கட்டிவருகிறவர்கள். அதைப் பெற மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக வேண்டும். கிராம சேவகர், பிரதேச செயலகம், அவர் வேலை செய்த நிலையம் என்று அலைய வேண்டும். புதிதாகப் புருஷனை இழந்தவளுக்கு ஒரு படிவத்தை நிரப்புவதே மலை. கூடப் போங்கோ. சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் கேட்கலாம், அது உரிமை. பொலிஸில் சேவா வனிதா என்று குடும்பங்களுக்கான பிரிவு இருக்கிறது. அங்கே கதைத்துப் பாருங்கோ, கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம், இதை நீங்கள் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1984 இல், கடமையில் இறந்த பொலிஸாரின் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முன்னமே இழந்தவர்கள் இப்போது இழந்தவர்களுக்குத் துணை. எனக்கு அதில் பிடித்தது, மனைவியோடு அவர்கள் நிற்கவில்லை. தாய் தகப்பன், சகோதரங்கள், கூட வேலை செய்தவர்கள் என்று எல்லோரையும் துக்கக்காரராகவே கணக்கெடுக்கிறார்கள். தங்கச்சி, உங்கள் வீட்டிலும் ஒரு துக்கக்காரர் இருக்கிறார். உங்கள் கணவரோடு வேலை செய்த ஆள்தானே இறந்தவர்? கடிதம் முழுக்க உங்கள் பயம் இருக்கிறது, அந்த அக்காவின் துக்கம் இருக்கிறது. அவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை. சட்டையைக் கழற்றின பிறகும் இப்படியானவர்கள் கதைக்க மாட்டார்கள். எரிந்து விழுவார்கள், அல்லது போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், சிலர் குடிப்பார்கள். லீவில் வரும்போது "அந்த அண்ணாவை நினைக்கிறனீங்களோ" என்று ஒரு தரம் கேளுங்கோ. மறுமொழி வராவிட்டால் விடுங்கோ, பிறகு ஒரு நாள் கேளுங்கோ. நித்திரை இல்லாமை மாதக்கணக்கில் போனால், உங்களுக்கென்றாலும் சரி அவருக்கென்றாலும் சரி, கோயிலோடு நிற்பாட்டாமல் வைத்தியரிடமும் போக வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். எங்கள் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களும் இருக்கின்றன.

இரவு முழிப்புக்கு ஒரு சின்ன ஒழுங்கு. கடமை மாறுகிற நேரத்தில் ஒரே ஒரு குறுஞ்செய்தி, 'முடிந்தது' என்று. அது பிந்தினால் யாரிடம் கேட்பது என்று நிலையத்தில் ஒருவரின் இலக்கத்தை முன்பே வாங்கி வையுங்கோ. இடையில் முகநூலைத் திறக்காதீர்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், எங்கேயாவது ஒரு பொலிஸ்காரர் அடிபட்டுக் கிடக்கிற படம் உங்கள் போனுக்கு வந்தால் பகிராதீர்கள். வீட்டுக்குத் தகவல் போக முதல் படம் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளை தன் தகப்பனை அப்படிப் பார்க்கக் கூடாது.

அந்த அக்காவிடம் முதல் தரம் போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கோ, தங்கச்சி. கும்பிட்டால் ஒன்றும் நடக்காது என்று அங்கே சொல்ல அவவுக்கு வாய் வராது.

சரி, அடுத்த கேள்வி கோப்பாயில் இருந்து வந்திருக்கிறது, கந்தசஷ்டி விரதம் பற்றியது.