பர்சில்லாய் அரண்மனைக்குப் போகவில்லை

நேயர்களுக்கு வணக்கம். இன்று முதுமையையும் பக்தியையும் பற்றிப் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலூரிலோ எலத்தகிரியிலோ பூசைக்கு முன்னால் கோயில் வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும். "சாமி, சக்கரை மாத்திரை போட்டுட்டேன், ரெண்டு வாய் களியும் தின்னுட்டேன். நன்மை வாங்கலாமா?" கேட்கிற பாட்டிக்கு 75 வயதிருக்கும். குரல் மட்டும் திருடிவிட்டு வந்தவர் குரல்போல இறங்கியிருக்கும்.

நன்மை என்றால் நற்கருணை. வாங்கலாம். தண்ணீரும் மருந்தும் யாருக்குமே தடையில்லை. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது என்ற விதி முதியவர்களைக் கட்டாது, நோயாளிகளைக் கட்டாது, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் கட்டாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஒருசந்தி என்கிற நோன்பும் 59 வயது நிறையும்வரைதான் கடமை. புலால் தவிர்க்கிற சுத்தபோசனத்துக்கு மட்டும் மேல்வயது வரம்பு கிடையாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பெரிய வெள்ளியன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இயேசுவின் திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அது பக்தியின் உருக்கம் இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

நாற்பது வயதில் செய்ததையெல்லாம் எண்பதிலும் செய்தால்தான் பக்தி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விவிலியம் அப்படி நினைக்கவில்லை. அதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒருவர் இருக்கிறார். பிரசங்கங்களில் அவர் பெயர் அடிபடுவதே இல்லை. பர்சில்லாய். பழைய மொழிபெயர்ப்பில் பர்சிலா. சாமுவேல் இரண்டாம் நூல், 19ஆம் அதிகாரம்.

தாவீது அரசன் சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, யோர்தானுக்கு அப்பால் மகனயிமில் தங்கியிருக்கிறான். அப்போது உதவிக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் இந்தப் பர்சில்லாய். என்னென்ன கொண்டுவந்தார்கள் என்று 17ஆம் அதிகாரம் ஒரு மளிகைச் சீட்டுபோலவே சொல்கிறது: படுக்கை, பாத்திரம், மண்சட்டி, கோதுமை, மாவு, அவரை, பயறு, தேன், தயிர், ஆடு, பால்கட்டி. பசியோடு ஓடிவந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆட்கள்!

கலகம் முடிந்தது. அரசன் திரும்பும்போது அவரைக் கூப்பிடுகிறான்: "என்னோடு எருசலேமுக்கு வாரும், உம்மை நான் பார்த்துக்கொள்கிறேன்." நம் ஊரில் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் மகன் போனில் கூப்பிடுகிறானே, அதே அழைப்புதான். ஆறாவது மாடிக்குப் பதில் அரண்மனை.

பர்சில்லாய் என்ன பதில் சொன்னார்? எனக்கு 80 வயது. நல்லது கெட்டது பிரித்தறிய முடியுமா? சாப்பிடுவதும் குடிப்பதும் ருசிக்கிறதா? பாடகர் பாடினால் காதில் விழுகிறதா? நான் எதற்கு உமக்குச் சுமையாக? யோர்தானைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வருகிறேன், அப்புறம் என்னை அனுப்பிவிடும். தாய் தகப்பன் கல்லறை இருக்கிற ஊரில் சாகிறேன்.

கவனியுங்கள், அவர் புலம்பவில்லை. நாக்கு போயிற்று, காது போயிற்று என்று கணக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். மறுத்துவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. "இதோ கிம்காம், இவனைக் கூட்டிப்போம்" என்று இளையவனை முன்னே தள்ளுகிறார். அரசன் அவரை முத்தமிட்டு ஆசி கூறி அனுப்புகிறான். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு, எரேமியா நூலில், பெத்லகேமுக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிம்காமின் பெயரால் வழங்குகிறது. கிழவர் போகாத ஊர்ப்பக்கம் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பங்குப் பேரவையிலும் பாடற்குழுவிலும் இருபது வருடமாக ஒரே நாற்காலியில் இருக்கிற பெரியவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காது விஷயத்துக்கு மறுபடி வருகிறேன். வயதாகும்போது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். க, ச, த, ப எல்லாம் மங்கிவிடும். ஆ, ஈ என்ற உயிரோசை மட்டும் கேட்கும். படி, கடி, தடி மூன்றும் ஒன்றாகிவிடும். அதனால்தான் தாத்தா "சத்தம் கேக்குது, என்ன சொல்றாருன்னு தெரியலை" என்கிறார். கத்தினால் பயனில்லை. முகத்தைப் பார்த்து, நிறுத்தி, கீச்சிடாமல் தாழ்ந்த சுருதியில் பேச வேண்டும். கோயிலில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், அதிகச் சத்தத்தில் சொல் இன்னும் கலங்கிவிடும். வாசிப்பவர் வாயசைவு தெரிகிற மாதிரி முன்வரிசை நல்லது. 2021 முதல் ஜூலை நான்காம் ஞாயிறு முதியோர் நாள் என்று பொன்னாடை போர்த்துகிறோம். அந்த முன்வரிசை நாற்காலியை வருடம் முழுக்கக் கொடுத்தால் போதும்.

விரல் மடங்காதவர்களுக்குச் செபமாலையில் பெரிய மணி வாங்கிக் கொடுங்கள். நைலான் கயிற்றில் மணி வழுக்கும். முடிச்சுப் போட்ட பருத்திக் கயிறு கைக்குப் பிடிக்கும். 53 மணியும் ஒரே மூச்சில் முடியாமல் தூக்கம் வந்தால், காலையில் பத்து, மாடு பிடித்துக் கட்டியபின் பத்து என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு குற்றமும் இல்லை.

அடுத்தது நோயில் பூசுதல், அதாவது நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கிற அருளடையாளம். பழைய பெயர் அவஸ்தைப் பூசுதல். 1972இல் சடங்குமுறையைத் திருத்தியாயிற்று, ஆனால் அந்தப் பெயர் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. "சாமியாரைக் கூட்டிவந்தால் பெரியவர் பயந்துடுவார்" என்று கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுகிறோம். அப்புறம் அவரால் பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய முடியாது, நன்மையும் விழுங்க முடியாது. இது சாகிறவருக்கு மட்டும் உரியதில்லை. பெரிய நோய் இல்லாவிட்டாலும் முதுமையில் தளர்ந்தவர் பெறலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு உரியது கடைசி நன்மை. அதை வழியுணவு என்போம், நம் கட்டுச்சோறு மாதிரி.

வீட்டில் ஏற்பாடு சின்னதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), மெழுகுவர்த்தி, தீர்த்தம், எண்ணெய் துடைக்கப் பஞ்சு, விழுங்க ஒரு தம்ளர் தண்ணீர். குரு மௌனமாகத் தலைமேல் கை வைப்பார், பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசுவார். பாவசங்கீர்த்தன நேரத்தில் மட்டும் வீட்டார் வெளியே போய்விட வேண்டும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நேரம் நெருங்கிவிட்டது. இரவு 3 மணிக்கு விழித்துக்கொள்கிறவர்களின் செபம் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். ஒன்று மட்டும்: லூக்கா 2ஆம் அதிகாரத்தில், குழந்தை இயேசுவைக் கோவிலில் கையில் ஏந்திய சிமியோனின் பாட்டு இருக்கிறது. நான்கு வசனம்தான், இருட்டில் மனப்பாடமாகச் சொல்லலாம். திருச்சபை தினமும் இரவுச் செபத்தில் அதைத்தான் பாடுகிறது.

கடைசியாகச் சொத்து. விவிலியத்தில் சீராக் நூல், 33ஆம் அதிகாரம்: உயிரோடு இருக்கும்வரை மகனுக்கோ மனைவிக்கோ உன்மேல் அதிகாரம் கொடுக்காதே, இறுதிக் காலத்தில் பகிர்ந்துகொடு என்கிறது. அதையும் மீறித் தான செட்டில்மென்ட் எழுதுவதென்றால், "சாப்பாடு, மருத்துவம், இருக்க இடம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மகன் கவனிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி இருந்தால் வேலை எளிது. கையெழுத்துப் போடும் முன் யாரையாவது ஒருமுறை சத்தமாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். வணக்கம்.