உதட்டுக்குள் ஒரு வழி

வணக்கம் நேயர்களே. தைராய்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், "கழுத்தில் தழும்பு விழாமல் எடுக்க முடியுமா டாக்டர்?" என்று பலரும் கேட்கிறார்கள். முடியும், எல்லோருக்கும் அல்ல. பாங்காக்கில் டாக்டர் அங்கூன் அனுவாங் 2014 முதல் செய்து பரவலாக்கிய முறையில், கீழுதட்டின் உட்புறம் வழியாகவே சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள்.

உதட்டின் உட்பக்கம் நடுவில் 10 மில்லிமீட்டர் துளை, கேமராவுக்கு. இரு ஓரங்களிலும் 5 மில்லிமீட்டர் துளைகள், கருவிகளுக்கு. முகவாய்க்கு உணர்ச்சி தரும் நரம்பு, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வருகிறது. அதனால் ஓரத்துளைகளை ஈறை ஒட்டிப் போடாமல் உதட்டின் விளிம்புப் பக்கமாகப் போடுவார்கள். தவறினால் முகவாய் மரத்துவிடும். கழுத்துத் தோலுக்கு அடியில் இடம் உண்டாக்கக் கரியமில வாயுவை 6 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் செலுத்துவார்கள். அழுத்தம் கூடினால் முகமும் கழுத்தும் உப்பும்.

துளை சிறிது என்பதற்காக ஆபரேஷனும் சிறிது என்று நினைக்காதீர்கள். தோலுக்கு அடியில் முகவாயிலிருந்து கழுத்தின் அடிவரை பிரிக்கவேண்டியிருக்கிறது. லாபம் தழும்பில்தான். கட்டி பெரிதாக இருந்தாலோ, பக்கக் கழுத்து நெறிகளுக்கோ மூச்சுக்குழலுக்கோ பரவியிருந்தாலோ வழக்கமான வெட்டுதான் நல்லது.

ஆபரேஷனுக்குப் பின் முதல் 24 மணி நேரம் முக்கியம். கழுத்து இறுகி வீங்கினால், மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம்.

சுரப்பி முழுவதையும் எடுத்தவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் மதமதப்பு வரலாம். பக்கத்திலிருக்கும், ரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அதிர்ந்து, கால்சியம் இறங்கியதன் அடையாளம் அது. கை விரல்கள் இழுத்துக்கொண்டால் ஊசி மருந்து தேவைப்படும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எடுத்த சுரப்பிக்கு ஈடாகக் கொடுக்கும் தைராக்சின் ஹார்மோன் மாத்திரையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள். காபியை அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராக்சின் குடலில் சரியாகச் சேராது. ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை செய்துதான் மாத்திரையின் அளவை மாற்றுவார்கள். அதுவரை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.