நாணயம் சரியும் நாளைக் குறிப்பது அரசியலே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நாணயமும் வங்கியும் கவிழ வெளிநாட்டுக் கடனும் அமெரிக்க வட்டி உயர்வுமே காரணம், தேர்தல்மேல் பழி போடாதீர்கள் என்று முழங்கிவிட்டு அமர்ந்தார் எதிரணித் தலைவர். கடன் இருந்தது, மறுக்கவில்லை. பல ஆண்டுகளாக இருந்ததே! குறிப்பிட்ட ஒரு மாதத்தில் அது வெடித்தது ஏன்?

மெக்சிகோவுக்கு வாருங்கள். 1994, தேர்தல் ஆண்டு. அதிக லாபம் தேடும் முதலீட்டாளர் பணத்தை அமெரிக்காவுக்கு இழுக்கும் அமெரிக்க வட்டி பிப்ரவரியிலேயே ஏறத் தொடங்கிவிட்டது. மார்ச் 23 அன்று டிஹுவானா நகரப் பிரசாரக் கூட்டத்தில் ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளர் கொலோசியோ சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஒரு மாதத்தில் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சுமார் 1,000 கோடி டாலர் கரைந்தது. வட்டிக்கு ஓடாத பணம் துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடியது ஐயா!

மெக்சிகோவின் நாணயமான பெசோவை அரசு டாலருக்கு எதிராக விழாமல் பிடித்து வைத்திருந்தது. அப்போதே அதன் மதிப்பைக் குறைத்திருந்தால் சின்ன அடியோடு போயிருக்கும். ஆனால் ஆகஸ்டில் வாக்குப்பதிவு. விலைவாசி ஏறினால் ஓட்டு போய்விடுமே! டாலரோடு இணைத்த 'டெசோபோனோ' என்னும் குறுகிய காலக் கடன்பத்திரங்களை அள்ளி அள்ளி விற்றார்கள். பெசோ சரிந்தால் நட்டம் முதலீட்டாளருக்கு இல்லை, அரசின் தலையில். தேர்தலில் வென்றார்கள். டிசம்பர் 1 புதிய அதிபர் பதவியேற்பு. டிசம்பர் 20 மதிப்புக் குறைப்பு. இரண்டே நாளில் பிடி முற்றிலும் நழுவியது. 3.5 பெசோவுக்குள் நின்ற டாலர் அடுத்த மார்ச்சில் 7-ஐத் தாண்டியது. வட்டி எகிறியது, வீட்டுக்கடன் வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை, வங்கிகள் சாய்ந்தன. ஓட்டுக்காகத் தள்ளிப்போட்ட மாதங்களுக்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

இந்தோனேசியாவில் 1997 நவம்பரில் 16 வங்கிகளை மூடினார்கள். அதில் ஒன்று அதிபர் சுகார்த்தோவின் மகனுடையது. அந்த மகனோ வேறொரு வங்கியை வாங்கித் தொழிலைத் தொடர்ந்தார். எந்த வங்கி பிழைக்கும் என்பதைக் கணக்கேடு முடிவு செய்கிறதா, அதிபர் மாளிகையா? பதில் தெரியாத மக்கள் தனியார் வங்கிகளில் போட்ட பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்.

எதிரணிக்குக் கடைசியாக பிரேசில். 2002 தொடக்கத்தில் டாலர் மதிப்பு 2.3 ரெயால் (பிரேசில் நாணயம்) அளவில் இருந்தது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் இடதுசாரி வேட்பாளர் லூலா வென்றால் கடனைக் கட்டுவாரோ மாட்டாரோ என்ற அச்சத்தில் அக்டோபரில் 4-ஐ நெருங்கியது. அவர் பதவியேற்று, பழைய நிதிக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்தார். 2003 முடிவில் 3-க்குக் கீழே இறங்கிவிட்டது. இடையில் பிரேசிலின் வெளிக்கடனை யாராவது அடைத்துவிட்டார்களா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் விடை சொல்லட்டும் நடுவர் அவர்களே!