கோடு யார் போட்டது? ஆப்போ தீவின் கதை, கேரித் தீவிலிருந்து

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? நான் பாண்டிங்கில் கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக்கைக் காரிலேயே முடித்துவிட்டேன். இப்போது நிற்பது நம் சிலாங்கூர் கரையோரத்துக் கேரித் தீவில். இது தீவு என்பதே நம்மூர்க்காரர்களுக்கு அந்தப் பாலத்தைத் தாண்டும்போதுதான் ஞாபகம் வரும். எங்கே பார்த்தாலும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை.

கேமராவைத் திருப்புகிறேன். மரங்களுக்கு நடுவே கம்பத்தின் மேல் பெட்டி தெரிகிறதா? ஆந்தைக் கூடு. எலி செம்பனைப் பழத்தைத் தின்னும், ஆந்தை எலியைத் தின்னும், எலி மருந்துச் செலவு குறையும். அப்புறம் இந்த மண்கரை. கடல் ஏறும்போது தண்ணீர் தோட்டத்துக்குள் வராமல் இருக்கக் கட்டியது. கால்வாய் வாயிலில் உள்ள கதவு கடல் ஏறினால் மூடும், வற்றினால் திறந்து மழைத் தண்ணீரை வெளியே விடும். கரைக்கு அந்தப் பக்கம் பக்காவ் காடு, அதாவது உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்திக் காடு. அது போய்விட்டால் அலை நேராக மண்கரையில்தான் வந்து மோதும்.

எல்லாம் நல்ல திட்டம்தான். ஆனால் லயத்தில் இருந்த நம் தாத்தா பாட்டியை உட்காரவைத்து, "கரையை எங்கே போடலாம்?" என்று எந்தத் துரை கேட்டிருப்பார்? நமக்கு முன்பிருந்தே இங்கே இருக்கிற பூர்வகுடிகளான மா மெரி மக்களையும்தான் யார் கேட்டார்கள்? முன்னோரை நினைத்து அவர்கள் முகமூடி செதுக்குவது ஞிரே பத்து என்கிற மரத்தில். அந்த மரம் வளர்வது பக்காவ் காட்டில். காட்டைப் பற்றி முடிவெடுக்கும்போது அவர்கள்தான் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதை விடலாம், எதைத் தொடக்கூடாது என்கிற எல்லைக் கோட்டை யார் போடுவது என்பதுதான் விஷயம். பிலிப்பைன்ஸில் ஆப்போ என்று ஒரு குட்டித் தீவு. 70 ஹெக்டேரைக் கொஞ்சம்தான் தாண்டும். நம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு டிவிஷன்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்தக் காலத்தில் அங்கே பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பங்கள்.

1970களில் அந்த வட்டாரக் கடலில் வெடி போட்டு மீன் பிடித்தார்கள், சயனைடு ஊற்றினார்கள். முரோ ஆமி என்று இன்னொரு முறை. கயிற்றில் கல்லைக் கட்டிப் பவளப்பாறை மேல் டொக் டொக்கென்று இடிப்பார்கள். மீன் பயந்து வலைக்குள் ஓடும். மீன் கிடைத்துவிடும், மீனின் வீடு நொறுங்கிவிடும். கொஞ்ச காலத்தில் பக்கத்தில் மீன் இல்லாமல் போய், படகை எடுத்துக்கொண்டு தூரத்துக்குப் போக வேண்டிய நிலை.

துமகெத்தே நகரில் சில்லிமான் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்த கடல் விஞ்ஞானி ஏஞ்சல் அல்காலா 1979இல் ஆப்போவுக்கு வந்தார். "ஒரு பகுதியை மட்டும் மீன் பிடிக்காமல் விடுங்கள், அங்கே மீன் பெருகி வெளியே வரும்" என்பது அவர் சொன்னதன் சாரம். நம்புவார்களா? ஏற்கனவே மீன் இல்லை, இதில் இருக்கிற இடத்தையும் மூடு என்றால்! கோபப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மீனவர்களைச் சுமிலோன் தீவுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அங்கே 1974லேயே அப்படி ஒரு பகுதியை மூடியிருந்தார்கள், மீனும் பெருகியிருந்தது.

பேசிப் பேசி மூன்று வருடம் ஓடியது. கடைசியில் 1982இல் 14 குடும்பங்கள் மட்டும் சரி என்றன. கரையோரம் 450 மீட்டர், கடலுக்குள் 500 மீட்டர். அவ்வளவுதான் அவர்கள் மூடியது. பவளம் நன்றாக இருந்தும் மீன் அதிகம் இல்லாத இடமாகப் பார்த்து எடுத்தார்கள், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. அதைக் காவல் காக்கக் கடற்கரையில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும். குடும்பங்கள் முறை வைத்துக் காத்தன. நம் தோட்டக் கோயில் திருவிழாவுக்கு உபயம் பிரித்துக்கொள்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

மீன் பெருகியதைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றக் குடும்பங்களும் சேர்ந்தன. 1985க்குள் தீவே ஒத்துக்கொண்டு, சுற்றியுள்ள கடலில் வெடி, விஷம், முரோ ஆமி எல்லாவற்றையும் நிறுத்தியது.

சுமிலோன் என்ன ஆனது தெரியுமா? அதைத் திட்டமிட்டவர்கள் பல்கலைக்கழகத்தார். உள்ளூர் அரசியல் மாறியது, 1980களில் தடை உடைந்தது. மூடிய இடத்தில் மட்டுமில்லை, தீவைச் சுற்றிப் பிடித்த மொத்த மீனும் குறைந்துவிட்டது. அதே விஞ்ஞானி, அதே யோசனைதான். கோடு போட்ட கை மட்டும் வேறு.

ஆப்போ கதை அப்படியே சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். 1994இல் அது தேசியப் பாதுகாப்புப் பகுதியானது, நிர்வாகம் ஒரு வாரியத்தின் கைக்குப் போனது. தீவு மக்கள் தாங்களே முடிவு செய்தது போய், வாரியத்தில் சில நாற்காலிகள் என்றானது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர் யார்? அதே அல்காலாதான். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்புறம் 2011, 2012 புயல்களில் மூடிவைத்த பகுதியின் பவளமே பெரும்பாலும் உடைந்துபோனது. புயலுக்குக் காவல் போட முடியாது. ஆனால் ஒரு இடம் அடிபட்டபோது சுற்றியுள்ள மற்ற இடங்களில் பவளம் இருந்தது, ஏனென்றால் தீவு முழுக்கவே வெடியை நிறுத்தியிருந்தார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். வட கோலா லங்காட் வனக் காப்பகம் ஞாபகம் இருக்கிறதா? 2020இல் அந்தக் காட்டைக் காப்பகப் பட்டியலிலிருந்து எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்சேபக் கடிதம் போனது. அப்படியும் 500 ஹெக்டேருக்கு மேல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக 2021இல் தெரியவந்தது. சத்தம் பெரிதானதும் செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவை ரத்து செய்தது. போராடியவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் பாருங்கள், ஆட்சேபம் என்பது வேறு யாரோ கோடு போட்ட பிறகு நாம் கத்துவது. ஆப்போக்காரர்கள் கோட்டைத் தாங்களே போட்டார்கள்.

நமக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், நாம் கருத்துச் சொல்லலாம். அந்த வரைபடத்தைப் போய்ப் பார்க்கிற நம் ஆட்கள் எத்தனை பேர்? தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீட்டு விலை என்ன என்றால் மட்டும் எல்லாருக்கும் தெரியும், லா.

வரைவு வருகிறவரை காத்திருக்கவும் வேண்டாம். லங்காட் ஆற்றோரம் ஒரு துண்டு, ஒரு ஆள் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற அளவு போதும். அங்கே வலை போடுகிறவர், மா மெரி பெரியவர், தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்), கோயில் தலைவர் எல்லாரையும் உட்காரவைத்து, எதை விடலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலில் அவர்களே சொல்லட்டும். விஞ்ஞானியை அப்புறம் கூப்பிடலாம். பாண்டிங், தெலுக் பங்லிமா காராங், மோரிப் பக்கம் இருப்பவர்கள், எந்தத் துண்டை எடுக்கலாம் என்று கீழே எழுதுங்கள். படகு வைத்திருக்கிற அண்ணன்மார் யாராவது இருந்தால் முதலில் அவர்கள் சொல்லுங்கள்.