தொகுதி மாறிய தலைவர்: சுஷ்மா சுவராஜின் தேர்தல் வாழ்க்கை

அவைத்தலைவர் அவர்களுக்கும் இங்கே கூடியிருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சுஷ்மா சுவராஜ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அவருடைய பேச்சு வன்மை. சிலருக்கு, 2012 ஏப்ரலில் இலங்கைக்குச் சென்ற நாடாளுமன்றக் குழுவின் தலைவராகவும், வேறு சிலருக்கு வெளிநாட்டில் சிக்கித் தவித்தவர்களுக்கு ட்விட்டரில் பதில் எழுதிய வெளியுறவு அமைச்சராகவும் அவர் நினைவில் நிற்கலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சுஷ்மாவை அல்ல, வேட்பாளர் சுஷ்மாவை. அவர் எங்கெங்கே நின்றார், அந்தந்த இடத்தில் ஏன் நிறுத்தப்பட்டார், வென்ற பின்னும் ஏன் ஓரிடத்தில் வேரூன்றவில்லை என்பவற்றைப் பார்க்கும்போது, ஒரு பெரிய கட்சி தன் திறமைமிக்க பெண் தலைவர் ஒருவரை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பது தெளிவாகத் தெரிகிறது.

மக்களவைக்கு அவர் எட்டு முறை போட்டியிட்டார். நான்கில் தோற்று நான்கில் வென்றார். மாநிலங்களவைக்கு மூன்று முறையும் சட்டப்பேரவைக்கு மூன்று முறையும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரியானா, டெல்லி, கர்நாடகம், உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், மத்தியப் பிரதேசம் என்று ஆறு மாநிலங்களோடு அவருடைய தேர்தல் கணக்கு தொடர்புடையது. வட இந்திய அரசியலில் ஆண் தலைவர்களுக்குக்கூட இப்படிப்பட்ட வரலாறு அரிது.

தொடக்கம் மிகவும் ஒளிமயமாக இருந்தது. அம்பாலா கன்டோன்மென்ட்டில் பிறந்த அவர் வழக்கறிஞரானவர். நெருக்கடி நிலைக் காலத்தில் பரோடா வெடிமருந்து வழக்கில் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்காக வாதாடிய குழுவில் இருந்தவர். 1977இல் ஜனதா அலை வீசியபோது சொந்த ஊரான அம்பாலா கன்டோன்மென்ட்டிலிருந்து சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இருபத்தைந்தாம் வயதிலேயே தேவிலால் அமைச்சரவையில் அமைச்சரானார். அரசியல் குடும்பத்தின் வாரிசாக இல்லாத ஓர் இளம் பெண்ணுக்கு, அதுவும் அன்றைய அரியானாவில், இது எளிதில் வாய்க்கக்கூடிய இடமன்று.

அதன்பின் வந்தது கர்னால். 1980, 1984, 1989 என்று மூன்று மக்களவைத் தேர்தல்களில் அவர் கர்னாலில் நின்றார், மூன்றிலும் தோற்றார், மூன்றிலும் தோற்கடித்தவர் காங்கிரஸின் சிரஞ்சிலால் சர்மா என்ற ஒரே மனிதர்தான். இடையில் 1987இல் அம்பாலா வாக்காளர்கள் அவரை மீண்டும் சட்டப்பேரவைக்கு அனுப்பினார்கள், அவர் மீண்டும் அமைச்சரும் ஆனார். ஆகவே அவரை மக்கள் விரும்பவில்லை என்று சொல்வதற்கில்லை. சட்டப்பேரவைத் தொகுதியில் எடுபட்ட சொந்தச் செல்வாக்கு, பல பேரவைத் தொகுதிகளை உள்ளடக்கிய மக்களவைத் தொகுதியில் எடுபடவில்லை என்பதே உண்மை. அங்கே கட்சிக்குக் கிளைகளும் சாதிக் கூட்டணியும் பணமும் வேண்டும். பாரதிய ஜனதாவுக்கு அன்றைய அரியானாவில் இவை போதிய அளவில் இல்லை. மூன்று முறை தோற்றவரை நான்காம் முறையும் அதே களத்துக்கு அனுப்பக் கட்சி விரும்பவில்லை. 1990இல் மாநிலங்களவைக்கு அனுப்பியது. அவரும் கர்னாலுக்குத் திரும்பவில்லை. என் பார்வையில், அவருடைய வாழ்க்கையின் திசை தீர்மானமானது இங்கேதான். அன்றுமுதல் அவர் ஒரு வட்டாரத்தின் தலைவராக இல்லாமல், தலைமையகத்தின் தலைவரானார்.

1996இல் தெற்கு டெல்லியில் கபில் சிபலை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்று முதன்முறையாக மக்களவைக்குள் நுழைந்தார். பதின்மூன்று நாள் வாஜ்பாய் அரசில் தகவல் ஒலிபரப்புத் துறை அவரிடம் இருந்தது. 1998இல் அதே தொகுதியில் அஜய் மாக்கனையும் வென்றார். இரண்டு தொடர் வெற்றிகள். படித்த நடுத்தர வர்க்கம் நிறைந்த, அவருடைய பேச்சை ரசிக்கும் தொகுதி. நாடாளுமன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம். அவரை அங்கேயே விட்டுவைத்திருந்தால் அது அவருடைய தொகுதியாகியிருக்கும்.

விட்டுவைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், வெங்காய விலை டெல்லி மக்களைக் கண்ணீர்விட வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சாகிப் சிங் வர்மாவை மாற்றிவிட்டுச் சுஷ்மாவை டெல்லியின் முதலமைச்சராக்கினார்கள். அவர் டெல்லியின் முதல் பெண் முதலமைச்சர் என்று பாடநூல்கள் பெருமையோடு எழுதுகின்றன. தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தோல்வி ஏறக்குறைய உறுதியான பிறகு, அந்த நாற்காலி அவருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எழுபது இடங்களில் பாரதிய ஜனதாவுக்குக் கிடைத்தவை 15. ஹவுஸ் காஸ் தொகுதியில் அவர் மட்டும் தன் பங்குக்கு வென்றார்; பிறகு பேரவைப் பதவியைத் துறந்து மக்களவை உறுப்பினராகத் தொடர்ந்தார். முதலமைச்சர் பதவியில் அவருக்கு இரண்டு மாதம்கூட நிறையவில்லை.

அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த ஷீலா தீட்சித், அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் கிழக்கு டெல்லியில் தோற்றவர். ஆனால் காங்கிரஸ் அவரை டெல்லியிலேயே இருக்கவிட்டது. அவர் பதினைந்து ஆண்டுகள் ஆட்சி செய்தார். ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், இரண்டு பெண்களின் பாதைகள் இப்படிப் பிரிந்தன.

இனிப் பெல்லாரி. 1999இல் சோனியா காந்தி முதன்முறையாகத் தேர்தலில் நின்றபோது, அமேதியோடு சேர்த்து, 1952 முதல் காங்கிரஸ் விட்டுக்கொடுக்காத பெல்லாரியையும் தேர்ந்தெடுத்தார். பாரதிய ஜனதா அங்கே அனுப்பியது சுஷ்மாவை. போட்டியை வெளிநாட்டு மருமகளுக்கும் உள்நாட்டு மகளுக்கும் இடையிலானதாகச் சித்திரிப்பதே கட்சியின் திட்டம்; நெற்றி நிறையக் குங்குமமும் கை நிறைய வளையலுமாகச் சுஷ்மா அந்தச் சித்திரத்துக்கு உருவம் கொடுத்தார். பிறப்பைக் காரணம் காட்டி வாக்குக் கேட்ட அந்தப் பிரச்சாரத்தை நான் இன்றும் ஏற்கவில்லை. எனினும் அவர் செய்த ஒரு காரியத்தை மறுக்க முடியாது: அரியானாவில் பிறந்து இந்தியில் பேசிப் பெயர் பெற்றவர், குறுகிய காலத்தில் கன்னடம் பயின்று, கூட்டங்களில் கன்னடத்திலேயே பேசினார். தென்னாட்டுக்கு வாக்குக் கேட்டு வரும் வடபுலத் தலைவர்கள் மொழிபெயர்ப்பாளரை அருகில் நிறுத்திக்கொண்டு பேசுவதையே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம் அல்லவா?

முடிவு 56,100 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி. சுஷ்மாவுக்குக் கிடைத்தவை 3,58,550 வாக்குகள். கட்சிக்குப் பெரிய அமைப்பில்லாத ஒரு மாவட்டத்தில் இது பெருந்தொகை. வென்ற சோனியா காந்தி அமேதியை வைத்துக்கொண்டு பெல்லாரியைத் துறந்துவிட்டார். தோற்ற சுஷ்மாவோ வரமகாலட்சுமி பூசைக்காக ஆண்டுதோறும் பெல்லாரிக்குப் போய்வந்தார். 2004இல் பாரதிய ஜனதா அந்தத் தொகுதியை முதன்முறையாகக் கைப்பற்றியது. அதன் பலனை அறுவடை செய்தவர்கள் சுரங்கத் தொழிலால் வளர்ந்த ரெட்டி சகோதரர்கள். அவர்களோடு இருந்த நெருக்கத்துக்காகப் பின்னாளில் சுஷ்மா விமர்சிக்கப்பட்டார். அவர்களை வளர்த்துவிட்டது தாம் அல்ல என்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்கும் ஆளானார்.

தெற்கு டெல்லியைவிட்டு வந்ததற்குக் கட்சி செய்த கைம்மாறு மாநிலங்களவை. 2000இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து தேர்வானார். அதே ஆண்டில் மாநிலம் பிரிந்தபோது உத்தராகண்டின் உறுப்பினராக மாற்றப்பட்டார். 2006இல் மத்தியப் பிரதேசம்.

2009இல், ஐம்பத்தேழாம் வயதில், அவருக்கு மத்தியப் பிரதேசத்தின் விதிஷா தொகுதி கிடைத்தது. வெளியூர்க்காரர்களுக்கு அந்தத் தொகுதி புதிதன்று. சென்னையிலிருந்து பத்திரிகை நடத்திய ராம்நாத் கோயங்கா 1971இல் பாரதிய ஜனதாவின் முன்னோடியான ஜனசங்கத்தின் சார்பில் வென்றது அங்கேதான். 1991இல் வாஜ்பாய் லக்னோவோடு சேர்த்து வென்று, பிறகு துறந்ததும் அதே விதிஷாதான். சுஷ்மாவை எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளரின் வேட்புமனு, கட்சி தரும் அத்தாட்சிப் படிவம் முறைப்படி தாக்கல் செய்யப்படாததால் தள்ளுபடியானது. ஏறக்குறைய 3.89 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். கர்னாலில் மூன்று முறை மன்றாடியும் கிடைக்காதது, இங்கே வலுவான எதிராளி இல்லாமலே கைக்கு வந்தது. அந்த வெற்றியின் மேல் நின்றுதான் அவர் மக்களவையின் எதிர்க்கட்சித் தலைவரானார். 2014இல் வித்தியாசம் 4 லட்சத்தைத் தாண்டியது.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. அதே கட்சியில், அதே மாநிலத்தில், சுமித்ரா மகாஜன் 1989இல் இந்தூரில் முன்னாள் முதலமைச்சர் பிரகாஷ் சந்திர சேத்தியை வென்று, 2014 வரை எட்டு முறை தொடர்ந்து அங்கேயே வென்றார். 2009இல் அவருடைய வித்தியாசம் 11 ஆயிரம் அளவுக்குச் சுருங்கியபோதும் தொகுதி அவரைக் கைவிடவில்லை, அவரும் அதை விடவில்லை. நாடறிந்த பேச்சாளர் அல்லர்; மாநகராட்சியிலிருந்து படிப்படியாக ஏறியவர். சுஷ்மாவின் புகழ் இவருக்கு இல்லை. இவருடைய நிலம் சுஷ்மாவுக்கு இல்லை. கட்சித் தலைமையோடு கருத்து வேறுபாடு வரும் நேரத்தில், நிலம் உள்ளவருடைய குரலுக்கு ஒரு கனம் இருக்கிறது. 2013இல் பிரதமர் வேட்பாளர் யார் என்று கட்சிக்குள் விவாதம் எழுந்தபோது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்தும் சுஷ்மாவால் பெரிதாக எதையும் அசைக்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மகளிர் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2010 மார்ச்சில் மாநிலங்களவை அந்த மசோதாவை நிறைவேற்றியபோது, இடதுசாரியான பிருந்தா காரத்தோடு சுஷ்மா கைகோத்து நின்ற படம் எல்லா நாளேடுகளிலும் வந்தது. அந்த மசோதாவில், ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஒதுக்கீட்டுத் தொகுதிகள் சுழற்சி முறையில் மாறும் என்றிருந்தது. அப்படி நடந்திருந்தால், வென்ற பெண்ணுக்கு அடுத்த தேர்தலில் அதே தொகுதி உறுதியில்லை. சுஷ்மா பட்ட பாடு எல்லாப் பெண் உறுப்பினர்களுக்கும் விதியாகியிருக்கும். 2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தொகுதி மறுவரையறைக்குப் பின்னரே சுழற்சி என்று அதை மாற்றியது. இந்த ஒரு மாற்றத்தால் ஒரு பெண் உறுப்பினர் தன் தொகுதியில் இரண்டு மூன்று தேர்தல்கள் நின்று வேர்பிடிக்க வாய்ப்பிருக்கிறது. அதைப் பயன்படுத்த அவரைக் கட்சி அங்கேயே விட்டுவைக்குமா என்பது, சட்டத்தால் தீர்க்க முடியாத வேறு கேள்வி.

2016இல் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட சுஷ்மா, இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று 2018 நவம்பரில் இந்தூரில் அறிவித்தார். 2019 ஆகஸ்ட் 6 அன்று காலமானார். 2024 தேர்தலில் விதிஷா அதன் பழைய உறுப்பினரான சிவராஜ் சிங் சௌகானிடமே திரும்பிச் சென்றது. அதே தேர்தலில் சுஷ்மாவின் மகள் பான்சுரி, தாயார் நின்ற தொகுதிகள் எதிலும் இல்லாமல், புது டெல்லியில் நின்று வென்றார்.