கதவைத் திறந்தால் மணல்

நேயர்களுக்கு வணக்கம்.

1928 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான 'தி விண்ட்' என்ற ஊமைப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரே காற்று. படம் முழுக்க அதுதான் வீசுகிறது.

லெட்டி என்ற பெண் வர்ஜீனியாவிலிருந்து டெக்சாசுக்கு ரயிலில் வருகிறாள், அண்ணன் முறையுள்ள ஒருவரின் வீட்டை நம்பி. ரயில் ஜன்னலிலேயே மணல் வந்து அறைகிறது. அண்ணன் மனைவிக்கு இவளைக் கண்டாலே ஆகவில்லை, போய்விடு என்கிறாள். போக்கிடம் இல்லாத லெட்டி, மாடு மேய்க்கும் லைஜைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன்மேல் அவளுக்குத் துளியும் ஆசை கிடையாது.

அந்த முதலிரவை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கேமரா முகங்களை விட்டுவிட்டுக் கால்களைக் காட்டுகிறது. ஒரு பக்கம் அவனுடைய பூட்ஸ் கால்கள் அங்குமிங்கும் நடக்கின்றன. இன்னொரு பக்கம் அவளுடைய கால்கள். அவன் தவிப்பும் அவள் பயமும் அந்த நடையிலேயே தெரிந்துவிடுகின்றன. அப்புறம் அவன் முரட்டுத்தனமாக முத்தமிட, அவள் அருவருத்து விலகுகிறாள். அவனுக்குப் புரிந்துவிடுகிறது. இனி உன்னைத் தொடமாட்டேன், பணம் சேர்த்து உன்னை ஊருக்கே அனுப்பிவைக்கிறேன் என்கிறான். என்னைக் கேட்டால், காதல் கதை தொடங்குவதே அங்கேதான்.

லெட்டியாக நடித்தவர் லிலியன் கிஷ். டோரதி ஸ்கார்பரோவின் நாவலைப் படித்துவிட்டு, இதைப் படமாக்க வேண்டும் என்று எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் பட நிறுவனத்திடம் கேட்டவரும் அவரேதான். இயக்குநர் விக்டர் ஸ்யோஸ்ட்ரோம், லைஜாக நடித்த லார்ஸ் ஹான்சன் இருவரும் சுவீடன்காரர்கள். 1927-இல் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் படப்பிடிப்பு. வெயில் 49 டிகிரி செல்சியசைத் தொட்டது. காற்றுக்காக விமான இன்ஜின்களை ஓடவிட்டு, கிஷ்மேல் மணலை வாரி அடித்தார்கள். கார் கதவின் கைப்பிடியைத் தொட்டு அவர் கை வெந்துபோனது. கண்ணில் தெரியும் அந்தக் களைப்பு எல்லாமே நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

தனியாக இருக்கும் லெட்டியிடம் அத்துமீறியவனை அவள் சுட்டுவிடுகிறாள். குழி தோண்டிப் புதைக்கிறாள். ஜன்னல் வழியே பார்த்தால், காற்று மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, புதைத்த உடலை வெளியே கொண்டுவருகிறது. ஊமைப் படம்தான். ஆனாலும் அந்த இடத்தில் காற்றின் ஊளை என் காதில் விழுகிறது.

நாவலில் லெட்டி புயலுக்குள் நடந்து போய்விடுகிறாள். படத்தில் முடிவு சுபம். அது திணிக்கப்பட்ட முடிவு என்று கிஷ் பின்னாளில் சொல்லிவந்தார். படம் வெளிவந்தபோது ஜனங்கள் பேசும் படங்களின் பக்கம் போய்விட்டார்கள், இது நஷ்டமானது. ஆனால் எனக்கு அந்த முடிவு பிடிக்கும். ஊருக்கு அனுப்பிவைக்கிறேன் என்று சொன்னவனிடம், போகமாட்டேன் என்று அவளே சொல்கிறாள். கதவு விரியத் திறந்திருக்கிறது. முகத்தில் மணல் அடிக்க, இருவரும் வாசலில் சேர்ந்து நிற்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.