1991 எம்எக்ஸ்-5 சஸ்பென்ஷன்: அந்த போல்ட்டை எங்க வச்சு இறுக்கணும்?

வணக்கம் மக்களே. ஷெஃபீல்டுல மூணு நாளா கொட்டின மழை இன்னைக்குக் காலையிலதான் விட்டுச்சு. உடனே வண்டியை ஸ்டாண்ட்ல ஏத்திட்டேன். நாலு சக்கரமும் கழட்டியாச்சு.

புதுசா வந்தவங்களுக்கு: இது என் 1991 மஸ்தா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். எடை ஒரு டன்னுக்கும் கம்மி. முன்னாடி பின்னாடி நாலு மூலையிலும் டபுள் விஷ்போன். அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம். 1989-ல இந்த விலைக்கு இப்படி ஒரு அமைப்பைக் குடுத்தாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு.

ஆனா இத்தனை ஆர்ம் இருந்தா, அது வண்டியோட சேர்ற இடத்துல அத்தனை ரப்பர் புஷ்ஷும் (அதிர்வை வாங்கிக்கற ரப்பர் வளையம்) இருக்கும் இல்லையா? ரப்பருக்கு வயசாகும். போன குளிர்காலத்துல, இங்க பக்கத்துல இருக்கற ஸ்நேக் பாஸ் மலை ரோட்டுல போகும்போது, ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு கணம் யோசிச்சுட்டுத்தான் திரும்புச்சு. பிரேக் போட்டா மூக்கு ஒரு பக்கமா இழுக்குது. பலரும் இதுக்கு உடனே புது ஷாக் அப்சார்பர் வாங்கிடுவாங்க. தயவுசெஞ்சு முதல்ல புஷ்ஷைப் பாருங்க.

கேமராவை கிட்ட கொண்டு வர்றேன். இது முன் பக்கத்து அப்பர் ஆர்ம். இந்தக் கறுப்பு வளையத்தைச் சுத்தி கோடு மாதிரி தெரியுது பாருங்க, அது அழுக்கு இல்ல, கிழிசல். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ள போகுது. இது பழைய புஷ்ஷும் இல்ல, மூணு வருஷம் முன்னாடி ஒரு காராஜ்ல காசு குடுத்து மாத்தினது! கீழ இருக்கற லோயர் ஆர்ம் புஷ்ஷும் அன்னைக்கே போட்டதுதான். அது நல்லா இருக்கு. மேல மட்டும் ஏன் போச்சு? இந்த வீடியோவே அதைச் சொல்லத்தான்.

புஷ்ஷோட வெளி ஓடு ஆர்ம்ல இறுகி உக்காந்திருக்கும். உள்ள இருக்கற குழாயை, போல்ட்டானது வண்டியோட சேர்த்து நசுக்கிப் பிடிச்சுக்கும். நடுவுல ரப்பர், ரெண்டு பக்கமும் ஒட்டினது. ஆர்ம் மேல கீழ போகும்போது எதுவும் சுழல்றதில்ல, ரப்பர்தான் முறுக்கிக்குது. அப்போ சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது போல்ட்டை இறுக்கினா என்ன ஆகும்? தொங்கற நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைத் தரையில இறக்கின நிமிஷத்துலேருந்து ஈரத்துணியைப் பிழிஞ்ச மாதிரியே நிக்கும், ராத்திரி பூரா நிறுத்தி வச்சாலும் கூட. அதுக்கு மேல பள்ளம் மேடு வந்தா கிழியாம என்ன செய்யும்?

லோயர் ஆர்ம் ஏன் தப்பிச்சது? அங்க இருக்கறது கேம் போல்ட், அதாவது திருப்பினா ஆர்மைக் கொஞ்சம் நகர்த்தி சக்கரத்தோட கோணத்தை மாத்தற போல்ட். அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரி பண்றது) பண்றவர் வண்டி சக்கரத்துல நிக்கும்போதே அதைத் தளர்த்தி, சரி பண்ணி, இறுக்குவார். தன்னாலேயே சரியாயிடும். மேல் போல்ட்டை அதுக்கப்புறம் யாருமே தொடறதில்ல.

நான் பண்ற முறை இது. கழட்டறதுக்கு முன்னாடி, வண்டி தரையில நிக்கும்போது, சக்கர மையத்துலேருந்து அதுக்கு மேல இருக்கற பாடி வளைவோட விளிம்பு வரைக்கும் அளந்துக்குவேன். என் வண்டியில முன்னாடி 33 சென்டிமீட்டர். இப்போ ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதையும் மாட்டல, அதனால ஆர்ம் லேசா ஏறி இறங்குது. ஹப்பை (சக்கரம் மாட்டற நடு பாகம்) ஜாக்கியால அதே 33-க்குத் தூக்கி வச்சு, அப்புறம்தான் மேல் போல்ட்டை முழு டார்க் (இறுக்கற விசை) குடுத்து இறுக்கறேன். ஸ்பிரிங் மாட்டிட்டு ஜாக்கியால தூக்காதீங்க, வண்டி ஸ்டாண்டை விட்டே கிளம்பிடும், ஆபத்து. ஷாக்கோட கீழ் போல்ட்டை மட்டும் கடைசியா, வண்டி தன் எடையில நிக்கும்போது இறுக்கலாம்.

ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன் (ஒரு கெட்டியான பிளாஸ்டிக்) புஷ் போடலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது ரப்பர் மாதிரி முறுக்காது, குழாய் மேல சுழலும். கிரீஸ் காஞ்சா கீச்சுன்னு கத்தும். ட்ராக்ல ஓட்டறவங்களுக்கு சரி. ரோட்டுக்கு நான் ரப்பர்தான்.

பின் பக்கத்து கேம் போல்ட்தான் ரொம்ப நேரத்தை முழுங்கிடுச்சு. இந்த ஊர்ல குளிர்காலம் பூரா ரோட்டுல உப்பு போடுவாங்க. போல்ட் குழாயோட சேர்ந்தே துருப்பிடிச்சு ஒண்ணாயிடுச்சு. நட்டு கழண்டது, போல்ட் அசையல. கடைசியில ஆர்முக்கும் அது மாட்டியிருக்கற சப்ஃபிரேமுக்கும் (அடிச்சட்டம்) நடுவுல ரம்பத்தை விட்டு அறுத்துதான் எடுத்தேன். புது போல்ட்டுக்கு ஆன்டி-சீஸ் (துருப்பிடிச்சு ஒட்டாம இருக்கப் பூசற பசை) தாராளமா பூசியிருக்கேன். பழைய போல்ட் கழண்டு வந்தாலும், எடுக்கறதுக்கு முன்னாடி கேம் எந்தக் கோட்டுல இருக்குன்னு பெயின்ட்ல குறிச்சுக்கங்க.

இன்னொண்ணு, பம்ப் ஸ்டாப். ஷாக் தண்டுல இருக்கற அந்த நுரைத் துண்டு, கையில எடுத்தா நமுத்த ரஸ்க் மாதிரி உதிருது பாருங்க. இந்த வண்டிக்கு சஸ்பென்ஷன் பயணம் குறைவு. அதனால பம்ப் ஸ்டாப்பும் ஒரு ஸ்பிரிங் மாதிரியே வேலை செய்யுது. புதுசு கட்டாயம் போடணும்.

(மறுநாள்) இப்பதான் தெருவுல ஒரு சுத்து போயிட்டு வந்தேன். முக்குல இருக்கற வேகத்தடையில 'டக்'னு வர்ற சத்தம் காணோம்! ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் கோணலா நிக்குது, கேம் போல்ட்டைக் குறிக்கு வச்சு உத்தேசமாத்தான் இறுக்கியிருக்கேன். வியாழக்கிழமை அலைன்மென்ட். கேமராவோட போறேன், அங்க பாக்கலாம்.